பேதை வேடத்துப் பேரறிஞர் நஸ்ருத்தீன் ஹோஜா

துருக்கி நாட்டின் கொன்யா மாநிலத்தில், சுல்தான் மலைகளின் அடிவாரத்தில் அமைந்த பழம்பதி அக்ஷெஹிர். அந்நகரின் இடுகாட்டில் ஒரு கல்லறை மண்டபம் உண்டு. அதன் முன்வாயிலில் கதவு. கதவில் ஒரு பெரும் பூட்டு. மண்டபத்துக்கோ சுவர் இல்லை, தூண்களே உள்ளன. பூட்டைக் கண்டு திகைத்து நிற்பவர் சற்றே பக்கவாட்டில் நோக்கினால் திறந்த வெளியைக் காண்பர். அங்கே துயில்பவர் நஸ்ருத்தீன் ஹோஜா. முல்லா கதைகள் என்று தமிழில் சிறுவரும் முதியவரும் படித்துச் சிரிக்கும் கதைகளின் நாயகர் இவரே. ஹோஜா என்பது துருக்கியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல். பாரசீகத்திலும் அஜர்பைஜானிலும் அதுவே முல்லா ஆயிற்று.

கல்லறைக் கல்லும் பார்ப்பவரை ஏய்க்கிறது. அதில் பொறிக்கப்பட்ட ஹிஜ்ரி ஆண்டு 386. அதை அப்படியே கொண்டால் கி.பி. 996 ஆகிவிடும். துருக்கியர் மன்சிகெர்த் போரில் வென்று அனத்தோலியாவுக்குள் பரவியதே 1071-க்குப் பின்னர்தான். எனவே எண்களைப் பின்னிருந்து முன்னாகப் படிக்க வேண்டும் என்பது மரபு. 683 என்று படித்தால் 1284 கிடைக்கும், கணக்கும் நேராகும். கழுதையின் மேல் வால்பக்கம் நோக்கி அமர்ந்து ஊர்வலம் போனவராகச் சித்திரிக்கப்படும் மனிதருக்கு, இறந்த ஆண்டும் திரும்பி அமர்ந்திருப்பது பொருத்தமே.

இத்தகைய ஒருவரின் வாழ்வை எழுதப் புகுவோர்க்குக் கையில் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. சிவ்ரிஹிசார் நகரின் முப்தியாக இருந்த ஹசன் எஃபெந்தி 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த குறிப்புகள், அவ்வூரை அடுத்த ஹோர்த்து என்னும் கிராமத்தில் 1208-இல் ஹோஜா பிறந்தார் என்று கூறும். தந்தை அப்துல்லா அக்கிராமத்துப் பள்ளிவாசலின் இமாம்; தாய் சித்தீக்கா. தந்தையின் காலத்துக்குப்பின் அப்பொறுப்பை ஏற்று நடத்திய நஸ்ருத்தீன், பின்னர் அதனைத் துறந்து, 1237-ஆம் ஆண்டளவில் அக்ஷெஹிருக்குச் சென்றார். செய்யித் மஹ்மூத் ஹைரானி என்னும் சூஃபிப் பெரியாரின் சூழலில் கற்பதே அவர் நோக்கம் என்பர். மதரசாவில் பாடம் சொல்லும் ஆசிரியராகவும், தொழுகை நடத்தும் இமாமாகவும், சில வேளைகளில் வழக்குத் தீர்க்கும் காஜியாகவும் அவர் வாழ்நாள் கழிந்தது. 1257-ஆம் ஆண்டுக்குரிய ஒரு வக்ஃபு ஆவணத்திலும், அதற்கு ஒன்பதாண்டு கழித்து எழுதப்பட்ட மற்றொன்றிலும் சாட்சிகளின் வரிசையில் நஸ்ருத்தீன் என்னும் பெயர் காணப்படுகிறது. ஆவணங்கள் காட்டுவது அவ்வளவே. மற்றவற்றை மக்கள் தம் நினைவில் எழுதிவைத்தனர்.

அம்மக்கள் எத்தகைய காலத்தில் வாழ்ந்தனர் என்பதை அறியாமல் இக்கதைகளைப் படிப்போர் அவற்றின் பாதியையே படிக்கின்றனர் எனலாம். ஹோஜா அக்ஷெஹிருக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1240-இல், பாபா இஸ்ஹாக் தலைமையில் ஏழைத் துருக்கோமான் குடிகள் செல்ஜூக் அரசை எதிர்த்துக் கிளர்ந்து, கொன்று குவிக்கப்பட்டனர். 1243 ஜூன் 26-இல் கோசே தாக் என்னுமிடத்தில் மங்கோலியப் படை செல்ஜூக்குகளைச் சிதறடித்தது. சுல்தான் இரண்டாம் கைகுஸ்ரவ் களத்தைவிட்டு ஓடினார். அதன்பின் கொன்யாவின் அரியணையில் அமர்ந்தவர்கள் மங்கோலியர்க்குக் கப்பம் கட்டும் பொம்மைகளே. அக்கப்பத்தின் சுமை உழவன் தலையிலும் கைவினைஞன் தலையிலும் விழுந்தது. அப்போது ஹோஜாவுக்கு அகவை முப்பத்தைந்து. எஞ்சிய நாற்பதாண்டு வாழ்வையும் அவர் அந்நிழலிலேயே கழித்தார். அதே நிழலில், ஏறத்தாழ அவருடைய அகவையினரான மௌலானா ஜலாலுத்தீன் ரூமி கொன்யா நகரில் மஸ்னவியைப் பாடிக்கொண்டிருந்தார். அஞ்சி வாழ்ந்த ஒரு நாட்டின் ஒரு நகரிலிருந்து ஞானக்காவியமும், அதற்குச் சில நாள் நடைத் தொலைவிலிருந்த மற்றொரு நகரிலிருந்து சிரிப்பும் பிறந்தன.

ஆயினும் ஒரு வியப்பு. ஹோஜாவின் கதைகளில் அவரை உண்மையில் ஆண்ட மங்கோலியர் தலைகாட்டுவது அரிது. அங்கே வரும் கொடுங்கோலன் தைமூர். தைமூர் அனத்தோலியாவுக்குள் புகுந்து அங்காரா போரில் உதுமானிய சுல்தான் பாயெசீதை முறியடித்தது 1402-இல்; அதாவது ஹோஜா மறைந்து 118 ஆண்டுகள் கழித்து. கல்லறைத் தூணொன்றில் பாயெசீதின் படைவீரர் ஒருவர் கீறிச்சென்ற குறிப்பின் ஆண்டு ஹிஜ்ரி 796, அதாவது 1393-94. தைமூர் வருமுன்பே அக்கல்லறை வழிபோக்கர் வந்து நின்று பெயர் எழுதும் இடமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அப்படியிருக்க, இறந்தவரை எழுப்பி மக்கள் ஏன் தைமூரின்முன் நிறுத்தினர்? சிறைப்பட்ட பாயெசீத் 1403 மார்ச் மாதத்தில் உயிர் நீத்தது இதே அக்ஷெஹிரில்தான். வெற்றி பெற்றவனின் பாளையத்தையும், தோற்ற மன்னனின் பிணத்தையும் ஒருசேரக் கண்ட ஊர் அது. பேச அஞ்சிய அவ்வூரார், பேசத்தக்க ஒருவரைத் தம் இடுகாட்டிலிருந்து அழைத்துக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

அவ்வாறு பிறந்த கதைகளுள் யானைக் கதை தலையாயது. தைமூர் 1398-இல் தில்லியைச் சூறையாடியபோது போர்யானைகளைக் கவர்ந்து சென்றான். அங்காரா களத்திலும் யானைகள் நின்றன. அவற்றுள் ஒன்று அக்ஷெஹிரில் மேய விடப்பட்டதாகக் கதை தொடங்குகிறது. அது வயலை அழித்தது, வைக்கோற்போரைத் தின்றது, தோட்டங்களை மிதித்தது. தடுக்க எவரால் ஆகும்? அது அரசனின் யானை. ஊரார் கூடி, அனைவரும் சேர்ந்து சென்று முறையிடுவது என்று முடிவு செய்து, ஹோஜாவை முன்னே நடக்கச் சொன்னார்கள். அவர் நடந்தார். பாளையத்தை நெருங்க நெருங்கப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினர். ஒருவருக்குச் சந்தையில் வேலை இருந்தது. ஒருவருக்கு வயிற்று வலி வந்தது. கூடாரத்துக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தபோது ஹோஜா தனியாக நின்றார். தைமூர் வந்த காரணத்தைக் கேட்டான். மன்னரின் யானையால் ஊரே மகிழ்ந்திருப்பதாகவும், அந்த ஏழை விலங்கு துணையின்றி வாடுவதைக் காணப் பொறுக்காமல், அதற்கொரு பெண்யானையையும் அனுப்பி அருள வேண்டும் என்று ஊர் வேண்டுவதாகவும் ஹோஜா பணிவோடு விண்ணப்பித்தார். மன்னன் மகிழ்ந்து இசைந்தான். வெளியே காத்திருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று ஓடிவந்து கேட்க, நற்செய்தி, இன்னொன்று வருகிறது என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

இக்கதையில் தைமூருக்கு ஓரடியும் விழவில்லை. அடி முழுதும் விழுவது நழுவியவர்கள்மேல். கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் அந்த நழுவியவர்களின் பேரர்களே என்பதை எண்ணிப் பார்க்கையில், தம்மைத்தாமே நகைத்துக்கொள்ளும் ஒரு மக்கட்கூட்டத்தின் நேர்மை புலப்படும். கொடுங்கோலனைக் கதையில் வெல்வது எளிது. தம் கோழைத்தனத்தைக் கதையில் வைப்பது அரிது.

தைமூரின் கதைகள் எல்லாம் ஹோஜாவுக்கே உரியவை என்பதற்கில்லை. குளியற்கூடத்தில் தைமூர் தன் விலை என்னவென்று கேட்க, ஒரு தொகை கூறப்பட, தன் இடையில் கட்டியிருக்கும் துண்டே அந்த விலை பெறுமே என்று அவன் சொல்ல, துண்டுக்குத்தான் விலை சொன்னது என்று விடை வந்த கதை, முதலில் அஹ்மதீ என்னும் அவைக்கவிஞரைப் பற்றி வழங்கியது. அஹ்மதீ தைமூரின் காலத்தவர், 1413-இல் மறைந்தவர். 17-ஆம் நூற்றாண்டில் நாடு சுற்றிய எவ்லியா செலெபி தம் பயணநூலில் அதனை ஹோஜாவின் பேரிலேயே எழுதினார். ஆறுகள் கடலைச் சேர்வதுபோல, உரியவர் எவராயினும் கதை இவரை வந்தடைந்தது.

கடலுக்குள் முதலில் கலந்த பேராறு அரபு நாட்டு ஜுஹா. பேதை போலப் பேசி அறிஞரைத் திணறடிக்கும் ஜுஹாவைப் பற்றி 9-ஆம் நூற்றாண்டின் பேரெழுத்தாளர் ஜாஹிழ் அறிந்திருந்தார். 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் நூற்பட்டியலாளர் இப்னுந் நதீம் ஜுஹா கதைகளின் ஏடொன்றைக் குறித்துவைத்தார். ரூமியின் மஸ்னவியிலும் இதே மனிதர் ஜூஹி என்ற பெயரில் வருகிறார். அங்கே ஒரு காட்சி. தந்தையின் பிணப்பெட்டியின்முன் ஒரு சிறுவன் அழுகிறான்: விளக்கில்லாத, பாயில்லாத, உணவில்லாத, கதவும் கூரையும் ஒழுங்காக இல்லாத ஒடுங்கிய வீட்டுக்கு அல்லவா உங்களைக் கொண்டுபோகிறார்கள் என்று. வழியில் நின்று கேட்ட ஜூஹி தன் தந்தையிடம் திரும்பி, இந்தப் பிணத்தை நம் வீட்டுக்குத்தான் எடுத்துவருகிறார்கள் என்கிறான். ரூமி அங்கிருந்து இறையொளி புகாத உள்ளமே புதைகுழி என்னும் பொருளுக்குத் தாவிச் செல்கிறார். அக்கதையே அனத்தோலியத் தெருக்களில் ஹோஜாவின் பேரில் வழங்கியபோது, அந்தத் தாவல் இல்லை. வீடு வீடாகவே நின்றது; வறுமை வறுமையாகவே இருந்தது.

பேதைமையை ஞானத்தின் மறைவிடமாகக் கொள்ளும் வழக்கம் இஸ்லாமிய உலகில் ஹோஜாவுக்கு முந்தியது. 9-ஆம் நூற்றாண்டில் நிஷாபூரில் தோன்றிய மலாமத்தியர் என்னும் கூட்டத்தார், தம் பக்தியைப் பிறர் காணுவதே அதைக் கெடுக்கும் என்று கருதி, ஊரார் பழிக்கும்படி நடந்துகொள்வதை விரும்பினர். புகழினும் பழியே பாதுகாப்பு என்பது அவர்தம் கொள்கை. அந்நகரத்து அறிஞரான அபுல் காசிம் அந்நைசாபூரி என்பார், 1016-ஆம் ஆண்டளவில் மறைந்தவர், பித்தராய்த் திரிந்த அறிவுடையோரின் வரலாறுகளைத் திரட்டித் தனிநூலே செய்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்துப் பாக்தாதில் பித்தன்போல் உலவி, மன்னனுக்கே புத்தி சொன்னதாகக் கூறப்படும் பஹ்லூல் அவர்களுள் புகழ்பெற்றவர். பித்தனுக்குச் சட்டத்தின் தண்டனை இல்லை. அரசவையின் நாகரிகமும் இல்லை. எனவே உண்மையைச் சொல்ல உரிமம் பெற்றவன் அவன் ஒருவனே.

ஹோஜாவை இம்மரபில் சேர்த்துப் பேசும் பழைய நூல் சல்த்துக்நாமா. இளவரசர் ஜெமின் விருப்பத்தால் அபுல்கைர் ரூமி என்பார் நாடோடி வழக்குகளைத் திரட்டி 1480-இல் முடித்த அந்நூல், நஸ்ருத்தீனை மஹ்மூத் ஹைரானியின் தர்வீஷ்களுள் ஒருவராகக் காட்டுகிறது. ஆனால் அவர் கதைகளே நிறைந்த பழைய ஏட்டைப் புரட்டுவோர்க்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அவ்வேடு 1571-இல் எழுதப்பட்டது, கதைகள் 43. அவற்றுள் சில, அவையில் வாய்விட்டுச் சொல்லத் தகாதவை. உடலும் பசியும் காமமும் கழுதையும் அங்கே மறைப்பின்றி வருகின்றன. பிற்காலத்தில் எழுதியோர் இவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்தனர். 1837-இல் இஸ்தான்புல்லில் முதன்முதலாக அச்சேறியதற்குப் பின், பள்ளிச் சிறுவர்க்கென்று மேலும் சலித்து, மேலும் துலக்கி, இறுதியில் தலைப்பாகையும் வெண்தாடியுமாகப் புன்னகை பூக்கும் ஒரு தாத்தாவை மட்டும் மிச்சம் வைத்தனர். அழுக்கைக் கழுவுவது தவறன்று. கழுவிய நீரோடு ஆளையும் ஊற்றிவிடலாகாது. அவருடைய வசையும் பசியும் இல்லாவிட்டால், அவருடைய அறிவும் வெறும் ஏட்டறிவாகிவிடும்.

பசியின் கதைகள் அவரிடம் பல. விருந்தொன்றுக்குக் கந்தல் உடையில் சென்றபோது எவரும் ஏறிட்டுப் பாராததால், வீடு திரும்பிக் கம்பளி மேலங்கி அணிந்து வந்தார். தலைமாட்டில் இடம் கிடைத்தது. உடனே அங்கியின் கையைக் குழம்பில் தோய்த்து, விருந்து உனக்குத்தானே, நீ உண் என்று அதற்கு ஊட்டத் தொடங்கினார். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய கொப்பரையைத் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு பாத்திரத்தை வைத்து, கொப்பரை குட்டி போட்டது என்றார். அண்டை வீட்டார் மறுக்கவில்லை. மறுமுறை இரவல் வாங்கியதைத் திருப்பாமல், கொப்பரை இறந்துவிட்டது என்றபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பிறப்பை நம்பியவர் இறப்பை நம்ப மறுப்பது என்ன முறை என்பது ஹோஜாவின் வாதம். இதனை ஏமாற்று என்று ஒதுக்குவோரும் உளர். வட்டியென்னும் குட்டியைத் தயங்காமல் பெற்றுக்கொண்டு, முதல் அழியும்போது மட்டும் அறம் பேசும் உலகைக் கண்டவர்கள் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள்.

காஜியாக அமர்ந்து தீர்ப்புச் சொன்ன கதையும் எண்ணத்தக்கது. வாதி சொன்னதைக் கேட்டு நீ சொல்வது சரி என்றார். பிரதிவாதி சொன்னதைக் கேட்டு நீ சொல்வதும் சரி என்றார். இருவரும் எப்படிச் சரியாக முடியும் என்று மனைவி குறுக்கிட, நீ சொல்வதும் சரியே என்றார். ஆள்வோர் மாறி மாறி வந்து, ஒவ்வொருவரும் தம் பக்கமே நியாயம் என்று சாட்சி தேடிய ஒரு நாட்டில், இத்தீர்ப்பில் கோமாளித்தனத்தைவிடக் களைப்பே மிகுதி.

மறைந்தபின் ஹோஜா நடந்த தொலைவு, வாழ்நாளில் கழுதைமேல் போனதைவிடப் பெரிது. உஸ்பெக் மக்கள் அவரை அஃபந்தி என்றழைத்துப் புகாராவில் பிறந்தவராகவே கொண்டனர். அங்கே 1979-இல் கழுதைமேல் அமர்ந்த சிலையும் எழுந்தது. ஜலீல் மம்மத்குலிஜாதா 1906-இல் திபிலிசி நகரில் முல்லா நஸ்ருத்தீன் என்னும் பெயரிலேயே அஜர்பைஜானிய அங்கத இதழைத் தொடங்கி, ஜார் ஆட்சியையும் மதப் போலிகளையும் கேலிச்சித்திரங்களால் குத்தினார். சோவியத் ஆட்சிக்காலத்தில் 1931-இல் அது நின்றது. ருஷிய எழுத்தாளர் லியோனித் சொலோவியோவ் ஹோஜாவை ஏழைகளின் காவலராக்கி 1940-இல் ஒரு நாவல் வெளியிட்டார். 1946-இல் அவர் கைதானார். அதன் இரண்டாம் பகுதியை உழைப்பு முகாமில் கைதியாக இருந்தே எழுதினார், 1954-இல்தான் விடுதலை. கொடுங்கோலன்முன் நிறுத்தவென்று இடுகாட்டிலிருந்து எழுப்பப்பட்டவர், இம்முறை சிறைக்கொட்டிலில் ஓர் எழுத்தாளருக்குத் துணையிருந்தார்.

மேற்குலகில் அவரைப் பரப்பியவர் இத்ரீஸ் ஷா. 1966 முதல் அவர் வெளியிட்ட தொகுப்புகள், இக்கதைகளை சூஃபியரின் பயிற்சிக் கருவிகளாக முன்வைத்தன. இருட்டில் தொலைத்த பொருளை வெளிச்சம் இருக்குமிடத்தில் தேடும் கதைக்கு, உள்ளே தேடவேண்டிய மெய்ப்பொருளை வெளியே தேடும் மாந்தரின் மயக்கம் என்று உரை கண்டனர். உரை அழகியதே. எனினும் ஒவ்வொரு கதைக்கும் ஓர் உட்பொருளைக் கட்டாயமாக ஏற்றும்போது, கல்லறை வாயிலின் பூட்டை மேலும் ஒருமுறை பூட்டுகிறார்கள். மண்டபத்தின் திறந்த பக்கங்களை மறந்துவிடுகிறார்கள். சிரித்தவன் ஏன் சிரித்தான் என்று சிந்திப்பதற்குமுன் சிரித்திருக்க வேண்டும்.

யுனெஸ்கோ 1996-97-ஐ நஸ்ருத்தீன் ஹோஜா ஆண்டாக அறிவித்தது. துருக்கியும் அஜர்பைஜானும் மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும் சேர்ந்து விண்ணப்பிக்க, 2022-இல் அவர் கதை சொல்லும் மரபு மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது. எங்கள் ஊர்க்காரர் என்று பலரும் உரிமை கொண்டாடிய ஒருவரை, ஏழு நாடுகள் ஒரே தாளில் கையெழுத்திட்டுப் பகிர்ந்துகொண்டன. காஜி நஸ்ருத்தீன் இருந்திருந்தால் எழுவரையும் சரி என்றிருப்பார்.

அக்ஷெஹிரில் 1959 முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் அவர் பெயரால் விழா நடைபெற்று வருகிறது. விழாவின் சிறப்பு நிகழ்ச்சி ஏரிக்கு உறை ஊற்றுவது. ஹோஜா ஒருநாள் அக்ஷெஹிர் ஏரிக்கரையில் அமர்ந்து, கரண்டி கரண்டியாகத் தயிரை நீரில் கலந்துகொண்டிருந்தார். ஏரிக்கு உறை ஊற்றுவதாகச் சொன்னார். ஏரி எங்கேயாவது தயிராகுமா என்று கேட்டவரிடம், ஆகாதுதான், ஒருவேளை ஆகிவிட்டால் என்றார். துருக்கியில் இக்கதையை அறியாதார் இல்லை. விழாவின்போது ஹோஜாவின் வேடம் புனைந்தவர் பெரிய தலைப்பாகையோடு, தயிர்ப்பாத்திரம் ஏந்தி, சிறுவர்கள் சூழச் சென்று இதனை நடித்துக்காட்டுவது வழக்கமாயிற்று.

மழை குன்றியதாலும், பாசனத்துக்கென நிலத்தடி நீரும் ஓடைநீரும் இழுக்கப்பட்டதாலும், 21-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து அந்த ஏரி வற்றத் தொடங்கியது. சில கோடைகளில் வெடித்த சேற்றுத்தரையே எஞ்சியது; மீன்பிடித்து வாழ்ந்த கரையோரக் கிராமத்தார் வேறு தொழில் தேடிப் போனார்கள். உறை ஊற்ற ஏரி இல்லையே என்று துருக்கிய நாளிதழ்கள் எழுதின. விழா நிற்கவில்லை, கரண்டியும் தயிருமாக ஹோஜா இன்னும் வருகிறார்.